விதி பேசும் திருமலை, பந்து கேட்கும் திருமலை

உலகக் கிண்ண றக்பியின் சிவப்பு அட்டையைப் பற்றித் துறைமுக நகரில் வாதாடலாம். அந்தப் பந்தைக் கையில் எடுத்து ஓட இங்குள்ள பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறதா?

2023 ஒக்டோபர் 28, சனிக்கிழமை. வப் போயா, ஐப்பசிப் பௌர்ணமி. இரவு சந்திர கிரகணம் வேறு. அன்று பகல் இந்தியாவின் தர்மசாலாவில் நடந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டத்தில் நியூஸிலாந்து, அவுஸ்திரேலியாவிடம் 5 ஓட்டங்களால் தோற்றிருந்தது. இலங்கை நேரம் நள்ளிரவு 12.30 மணிக்கு அதே நாட்டின் றக்பி அணி பாரிஸில் கறுப்புச் சீருடையோடு இறங்கியது. எதிரே பச்சைச் சீருடையில் தென் ஆபிரிக்கா. றக்பி உலகக் கிண்ண இறுதி ஆட்டம்.

ஆட்டம் 28ஆவது நிமிடத்தைத் தொடும்போது பந்தோடு ஓடி வந்த தென் ஆபிரிக்காவின் ஜெஸி கிரியலை நியூஸிலாந்து அணித்தலைவர் சாம் கேன் மறிக்கிறார். குனியவில்லை. நிமிர்ந்த உடம்போடு மோதுகிறார். தோள் நேராகத் தலையில் படுகிறது. மத்தியஸ்தர் வேன் பார்ன்ஸ் மஞ்சள் அட்டை காட்ட, கேன் எல்லைக்கோட்டுக்கு வெளியே போடப்பட்ட கதிரையில் போய் உட்காருகிறார். மைதானத்தில் ஆட்டம் தொடர, வேறோர் அறையில் இருந்த அதிகாரி அந்த மோதலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். சில நிமிடங்களில் மஞ்சள் சிவப்பாகிறது. ஆண்கள் உலகக் கிண்ண இறுதியொன்றில் காட்டப்பட்ட முதல் சிவப்பு அட்டை அது. ஏறக்குறைய அதே நேரத்தில், 1.05 மணிக்கு, இலங்கை வானில் நிலவின் ஓரத்தில் பூமியின் நிழல் விழத் தொடங்கியிருந்தது.

மீதி நேரம் முழுவதும் 14 பேரோடு ஆடிய நியூஸிலாந்து 11 புள்ளி எடுத்தது. தென் ஆபிரிக்கா 12. ஒரே நாளில் கிரிக்கெட்டில் 5 ஓட்டம், றக்பியில் ஒரு புள்ளி.

திருகோணமலையில் இந்த ஆட்டத்துக்காக விழித்திருந்தவர்கள் கிரிக்கெட்டுக்கு விழித்திருப்பவர்களில் சிறு பங்கினர்தான். இது உதைபந்தாட்ட மண். கிண்ணியாவிலும் மூதூரிலும் மாலையானால் பந்து உருளும். ஆனாலும் றக்பி பார்க்கும் அந்தச் சிறு கூட்டம் வாதத்தில் யாருக்கும் குறைந்ததல்ல. அந்த இரவு அவர்களுக்குப் பல மாதத்துக்கான விவாதத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த விவாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதற்கே இந்தக் கட்டுரை.

ஒரு புள்ளி, மூன்று சண்டைகள்

2023 உலகக் கிண்ணத்தை வெல்லத் தென் ஆபிரிக்கா கடைசி மூன்று ஆட்டங்களையும் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் கடந்தது. காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 29–28. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 16–15. இறுதியில் 12–11. வித்தியாசம் ஒரு புள்ளியாக இருக்கும்போது மத்தியஸ்தரின் ஒவ்வொரு ஊதலும் கிண்ணத்தின் விலை பெறுகிறது. சண்டை மூண்டதில் வியப்பில்லை.

முதல் சண்டை காலிறுதியில். பிரான்ஸின் தோமா ராமோஸ், ட்ரைக்குப் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவது) பின்னான மேலதிக உதைக்குத் தயாராக நின்றார். உள்ளே போனால் 2 புள்ளி. ஆனால் செஸ்லின் கோல்பே கோட்டிலிருந்து பாய்ந்து வந்து அந்த உதையைக் கையால் தடுத்துவிட்டார். உதைப்பவர் பந்தை நோக்கிப் புறப்பட எந்தத் திசையில் அசைந்தாலும் எதிரணி கோட்டைவிட்டு ஓடலாம் என்கிறது விதி. ராமோஸ் அசைந்த பிறகு கோல்பே ஓடினாரா, அசைவதற்கு முன்பே ஓடினாரா? பிரான்ஸ் ஒரு புள்ளியால் வெளியேறியதால் அந்த அரை நொடிக்கு ஒரு தேசமே கணக்குக் கேட்டது.

இரண்டாம் சண்டை அட்டைகளைப் பற்றியது. இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தென் ஆபிரிக்கத் தலைவர் சியா கொலிஸியும் உயரமான டெக்கிளுக்காக (பந்தோடு வருபவரை மறித்து வீழ்த்துவது டெக்கிள்) மஞ்சள் அட்டை பெற்றார். அவருடைய மோதலும் அதே அறையில் பரிசீலிக்கப்பட்டது. அபாயத்தின் அளவு குறைவு என்று மஞ்சளோடு விட்டுவிட்டார்கள். இரண்டு தலைவர்கள், இரண்டு தலை மோதல்கள், ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு 10 நிமிடம். ‘தலை என்றால் தலைதான், இதில் என்ன கூடக் குறைய?’ என்பது ஒரு கட்சி. ‘வேகமும் கோணமும் வேறு, கேன் குனியவே முயலவில்லை’ என்பது மறு கட்சி.

மூன்றாம் சண்டை வீடியோ மத்தியஸ்தரைப் பற்றியது. 54ஆவது நிமிடத்தில் நியூஸிலாந்தின் ஆரன் ஸ்மித் கோட்டுக்கு மேல் பந்தை வைத்தார். அரங்கம் எழுந்தது. ஆனால் அதற்கு முன்பு நடந்த லைன் அவுட்டில் (எல்லைக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும் கட்டம்) ஆர்டி சவேயாவின் கையிலிருந்து பந்து முன்னோக்கி நழுவியிருந்ததை வீடியோ மத்தியஸ்தர் டொம் ஃபோலி சுட்டிக்காட்ட, ட்ரை இரத்தானது. பந்து நழுவியது உண்மை. ஆனால் அத்தகைய தவறைத் தேடி இரண்டு ஆட்டக் கட்டங்களுக்கு அப்பால் பின்னோக்கிப் போக அன்றைய நடைமுறை இடம் தரவில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது பெரிதா, கண்டுபிடிக்க வகுத்த வரம்பைக் காப்பது பெரிதா? சட்டக் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி விளையாட்டு இரசிகர்களின் மடியில் வந்து விழுந்தது.

■ பெட்டிச் செய்தி: புதிதாகப் பார்ப்பவருக்கு

• ஓர் அணியில் 15 பேர். 40 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள்.
• கையால் பந்தை முன்னே எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் பந்தோடு ஓட வேண்டும் அல்லது உதைக்க வேண்டும்.
• எதிரணியின் கோட்டுக்கு மேலோ அப்பாலோ பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை: 5 புள்ளி. அதன் மேலதிக உதைக்கு 2. பெனால்ட்டி உதைக்கு 3. ஆட்டத்தினிடையே பந்தைத் தரையில் தட்டி எழும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினாலும் 3.
• ட்ரையின் மதிப்பு எப்போதும் 5 ஆக இருக்கவில்லை. 1971வரை 3, 1992வரை 4.
• மஞ்சள் அட்டை: 10 நிமிடம் வெளியே. சிவப்பு அட்டை: அந்த ஆட்டத்துக்கு அவர் இனி இல்லை.

விதிக்குப் பின்னால் ஒரு மூளை

சிவப்பு அட்டை ஆட்டத்தைக் கெடுக்கிறது என்ற முறைப்பாட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நான்கு ஆண்டு உழைத்து இறுதிக்கு வரும் அணி, ஒரு நொடிப் பிசகால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டியிருக்கிறது. காசு கொடுத்துப் பார்க்க வந்தவருக்கும் அது ஏமாற்றம்தான். ஆனால் இந்த விதி எதற்காக இத்தனை கடுமையானது என்று தெரிந்துகொண்டு வாதாட வேண்டும்.

2003இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த இறுதியில் முன்வரிசையில் ஆடியவர் ஸ்டீவ் தொம்ப்சன். தான் கிண்ணத்தை வென்ற அந்த ஆட்டமே தனக்கு நினைவில் இல்லை என்று 2020இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 42. இள வயதிலேயே மறதி நோய். வேல்ஸின் முன்னாள் வீரர் அலிக்ஸ் பொபமுக்கும் அதே நிலை. இவர்களைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள், தங்கள் மூளையைக் காக்கத் தவறிவிட்டார்கள் என்று உலக றக்பி அமைப்பின்மீதும் இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்களின்மீதும் வழக்குத் தொடுத்தார்கள்.

ஒரேயொரு பெரிய அடி மட்டுமே இதற்குக் காரணமல்ல. ஆண்டுக்கணக்கில் பயிற்சியிலும் ஆட்டத்திலும் வாங்கும் சிறு அடிகள் சேர்ந்து செய்யும் சேதம் இது. மண்டையோட்டுக்குள் மூளை அசைந்து மோதும்போது வெளியே இரத்தம் வராது, வீக்கம் தெரியாது. விழுந்தவர் எழுந்து நிற்பார், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார். அவரை நம்பித்தான் அந்தக் காலம் திரும்பவும் ஆட அனுப்பியது.

அதனால்தான் 2019இலிருந்து உயரமான டெக்கிளுக்குப் படிப்படியான அளவுகோல் வந்தது. மறிப்பவர் குனிந்தால் இருவரின் தலையும் ஒரே உயரத்தில் வராது என்ற எளிய உண்மையை வீரர்களின் உடம்புக்குப் பழக்க, அட்டைதான் கையில் இருந்த கருவி. பிரான்ஸில் இளம் வீரர்கள் அடுத்தடுத்து இறந்த துயரத்துக்குப் பிறகு, 2019இலிருந்து தொழில்முறை சாராத ஆட்டங்களில் இடுப்புக்கு மேலே டெக்கிள் செய்வது தடுக்கப்பட்டது. 2023இல் இங்கிலாந்தும் தன் சமூக மட்ட ஆட்டத்தில் அதே இடுப்புயரத்தை அறிவித்தது. வீரர்களும் இரசிகர்களும் கொதித்தெழ, பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். சங்கம் மன்னிப்புக் கேட்டு, நெஞ்செலும்பின் அடிவரை என்று உயரத்தை மாற்றியது. நோக்கம் கைவிடப்படவில்லை, அளவு மாறியது. வாதத்தால் விளைந்த நன்மை அது.

■ பெட்டிச் செய்தி: தலையில் பட்டால் மத்தியஸ்தர் கேட்கும் நான்கு கேள்விகள்

1. தலையோடு மோதல் நடந்ததா?
2. அது தவறான ஆட்டமா, தற்செயலா?
3. அபாயம் எவ்வளவு? வேகம், விசை, நேரடி மோதலா இல்லையா?
4. தண்டனையைக் குறைக்கக் காரணம் உண்டா? பந்து வைத்திருந்தவர் திடீரெனத் தாழ்ந்தாரா, திசை மாறினாரா?

சாம் கேனுக்கும் சியா கொலிஸிக்கும் கேட்கப்பட்ட கேள்விகள் ஒன்றே. மூன்றாம் கேள்விக்குக் கிடைத்த விடைதான் நிறத்தை மாற்றியது.

இரசிகர் மாற்றிய விதிகள்

வீட்டு விறாந்தையில் கத்தும் வாதம் மேலே போய்ச் சேராது என்று நினைப்பவர்கள் உண்டு. றக்பியின் அண்மை வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

2024 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தும் பிரான்ஸும் மோதிய ஆட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. இரு பக்கமும் பின்னால் நின்ற உதைவீரர்கள் பந்தை மாறி மாறி உதைத்துக்கொண்டிருக்க, மற்ற வீரர்கள் நடு மைதானத்தில் மரம்போல நின்றார்கள். ஓப்சைட் விதியில் (பந்துக்கு முன்னால் நிற்பவர் ஆட்டத்தில் சேரக் கூடாது என்பது) இருந்த ஓர் ஓட்டை அதற்கு இடம் கொடுத்தது. அந்த ஓட்டையைப் பயன்படுத்துவதில் கெட்டிக்காரரான பிரான்ஸ் வீரர் அந்துவான் டூபோனின் பெயரையே இரசிகர்கள் அதற்குச் சூட்டியிருந்தார்கள். மைதானத்தில் கூச்சல் எழுந்தது. அந்த ஆண்டு ஜூலையில் விதி திருத்தப்பட்டு ஓட்டை அடைக்கப்பட்டது.

இன்னொரு விதி 2021இல் சோதனையாக வந்த 50:22. தன் பாதியிலிருந்து ஒருவர் உதைத்த பந்து, தரையில் பட்டு எதிரணியின் 22 மீற்றர் பகுதியில் எல்லைக்கு வெளியே போனால், பந்தை உள்ளே எறியும் வாய்ப்பு உதைத்த அணிக்கே. இது பார்வைக்கு வெறும் தந்திர விதி. உள்ளே இருப்பது பாதுகாப்புக் கணக்கு. அந்த உதையைத் தடுக்க எதிரணி ஓரிருவரைப் பின்னால் நிறுத்த வேண்டும். முன்வரிசையில் சுவர்போல நிற்கும் ஆட்கள் குறைவார்கள். இடைவெளி கிடைத்தால் ஓட்டம் கூடும், மோதல் குறையும்.

சிவப்பு அட்டை பற்றிய முறைப்பாடும் வீண்போகவில்லை. வெளியேற்றப்பட்டவர் திரும்ப முடியாது, ஆனால் 20 நிமிடத்துக்குப் பிறகு அவருக்குப் பதிலாக இன்னொருவர் வரலாம் என்ற ஏற்பாடு தென் அரைக்கோளப் போட்டிகளில் தொடங்கி, 2025இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டி வரை வந்தது. வேண்டுமென்றே செய்த கொடூரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தவறு செய்தவர் தண்டனை பெறுவார், ஆட்டம் சாகாது என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். பயம் குறைந்தால் பழக்கம் மாறாது என்று பிரான்ஸ் போன்ற நாடுகள் எதிர்த்தன. என் வாக்கு எதிர்த்தவர்கள் பக்கம். ஓர் அணிக்கு நேரும் நட்டத்தையும் ஒரு மனிதரின் நினைவாற்றலையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வாதம் வன்மமாகும் இடம்

2023 இறுதி முடிந்து சில நாளில் வேன் பார்ன்ஸ் ஓய்வை அறிவித்தார். 111 சர்வதேச ஆட்டங்களுக்கு ஊதிய மத்தியஸ்தர் அவர். தன் குடும்பத்துக்கே மிரட்டல்கள் வந்ததை அவர் மறைக்கவில்லை. அடுத்த மாதம் டொம் ஃபோலியும் சர்வதேசப் பணியிலிருந்து விலகினார். இரவு பகலாக வந்த வசைகளும் மிரட்டல்களுமே காரணம். பந்து நழுவியதைக் கண்டு உண்மையைச் சொன்னதற்காக ஒரு மனிதர் தன் பிள்ளைகளை நினைத்து அஞ்ச வேண்டியிருந்தது.

இதை வெள்ளைக்காரரின் சிக்கல் என்று நாம் ஒதுக்க முடியாது. நம் நாட்டுப் பாடசாலை ஆட்டங்களிலும் மத்தியஸ்தரைத் துரத்துவதும் பார்வையாளர் மைதானத்துக்குள் பாய்வதும் நடந்திருக்கின்றன. விதியைப் பற்றிப் பேசுவது இரசிகரின் உரிமை. ஊதியவரின் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது அந்த உரிமை முடிந்துவிடுகிறது. ஊரில் ஒருவர் மத்தியஸ்தராக முன்வர வேண்டுமானால் அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. விதிப் புத்தகம் அதற்கு அடுத்தது.

கீழே விதி, மேலே மீறல்

றக்பி இறுதி முடிந்து ஒன்பதாம் நாள் இலங்கை முழுவதும் விதிநூல் படிக்கத் தொடங்கியது. நவம்பர் 6, டில்லி. பங்களாதேசத்துக்கு எதிரான உலகக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டத்தில் அஞ்சலோ மத்தியூஸின் தலைக்கவசப் பட்டி அறுந்தது. அடுத்த பந்தை எதிர்கொள்ள இரண்டு நிமிடத்துக்குள் தயாராகவில்லை என்று ஷகிப் அல் ஹசன் முறையிட, சர்வதேசக் கிரிக்கெட்டில் நேரம் கடந்ததற்காக ஆட்டமிழந்த முதல் வீரரானார் மத்தியூஸ். விதி சரியா, விளையாட்டின் மாண்பு எங்கே என்று பஸ்ஸிலும் சந்தையிலும் பேச்சு. பாரிஸில் இரத்தான ட்ரைக்கும் டில்லியில் அறுந்த பட்டிக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: எழுத்தில் உள்ள விதி எதுவரை, அதன் நோக்கம் எதுவரை?

அதே ஆண்டில் நம் விளையாட்டை நடத்துபவர்கள் தங்களுக்குரிய விதிகளை எப்படிக் காத்தார்கள் என்பதைப் பெட்டியில் பாருங்கள்.

■ பெட்டிச் செய்தி: 2023இல் இலங்கைக்கு விழுந்த மூன்று தடைகள்

• உதைபந்தாட்டம்: ஜனவரியில் ஃபீஃபா தடை. ஓகஸ்டில் நீங்கியது.
• றக்பி: மே மாதம் உலக றக்பி அமைப்பின் இடைநிறுத்தம். நிர்வாகத்தில் அரசியல் தலையீடு பற்றிய கவலையே காரணம்.
• கிரிக்கெட்: நவம்பரில் ஐ.சி.சி. இடைநிறுத்தம். 2024 ஜனவரியில் நீங்கியது.

மூன்றுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒரே சாயல் கொண்டது: சுயமாக இயங்க வேண்டிய சங்கத்துக்குள் வெளியார் கை.

இந்தத் தடைகளின் விலையைக் கொடுப்பவர் நிர்வாகி அல்ல. பயிற்சி எடுத்துக் காத்திருக்கும் வீரர். சங்கத்துக்கு வெளிநாட்டு உதவி நின்றால் முதலில் வெட்டுப்படுவது கொழும்பின் பெரிய கழகங்களும் அல்ல. பந்தும் பயிற்றுநரும் இன்னும் போய்ச் சேராத மாவட்டங்கள்தான். அந்த வரிசையில் கிழக்கு நிற்கிறது.

ஆனாலும் வீரர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். 2024இல் ஆசிய இரண்டாம் அடுக்கில் வென்ற இலங்கை அணி மேலடுக்குக்கு ஏறியது. 2025இல் ஹொங்கொங், தென் கொரியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றோடு மோதிய அந்தப் போட்டி 2027 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தெரிவும்கூட. ஹொங்கொங் வென்று, முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அந்த நாற்காலியை எட்டிப்பார்க்கும் தூரத்தில் நாமும் நின்றோம் என்பதை மறக்கக் கூடாது.

சுவருக்கு உள்ளே ஆட்டம், வெளியே ஊர்

இலங்கையில் றக்பி எங்கே வேர்விட்டது என்பதைப் பார்த்தாலே அது எங்கே விடவில்லை என்பது தெரியும். 1879இல் கொழும்பில் முதல் கழகம். 1891இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் அதன் நிறுவுநர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் மாணவர் கையில் பந்தைக் கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் ட்ரினிட்டியும் மோதியதே நாட்டின் முதல் பாடசாலை ஆட்டம். 1908இல் சங்கம். 1945இலிருந்து றோயல், ட்ரினிட்டி கல்லூரிகளுக்கிடையே பிராட்பி கேடயம். மலையகத்தில் தோட்டத்துரைமாரின் கழகங்கள். 1950இல் கொழும்பில் வந்து ஆடிய பிரித்தானிய லயன்ஸ் அணி 44–6 என வென்றது. கொழும்பு, கண்டி, தோட்டத்துரையின் பங்களா: இந்த முக்கோணத்துக்குள்தான் பந்து சுற்றியது.

தமிழரும் முஸ்லிம்களும் அதற்குள் இல்லாமல் இல்லை. ஓட்டப்பந்தயத்திலும் றக்பியிலும் ஒருசேரப் பெயர்பெற்ற சும்மா நவரத்தினம் றோயல் கல்லூரி மாணவர். அண்மைக் காலத்தில் கண்டிக் கழகத்தையும் இலங்கை அணியையும் வழிநடத்திய ஃபாசில் மரிஜா கிங்ஸ்வூட் மாணவர். திறமைக்கு இனம் இல்லை என்பதற்கு இவர்கள் சாட்சி. பாடசாலையின் முகவரிதான் வாய்ப்பைத் தீர்மானித்தது என்பதற்கும் இவர்களே சாட்சி.

திருகோணமலைக்கு ஒரு தனி வழி இருந்தது: கப்பல். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான இதைப் பிரித்தானிய அரச கடற்படை 1957வரை தன் தளமாக வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது இந்தத் தளத்தின்மீதுதான். றக்பியைத் தன் மரபாகவே கொண்டிருந்த கடற்படை அது. அந்த மரபை இலங்கைக் கடற்படையும் தொடர்ந்தது. கடற்படை விளையாட்டுக் கழகம் இன்று நாட்டின் முதல்தர லீக்கில் ஆடுகிறது. கடற்படையின் பயிற்சிக் கல்லூரியும் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் இந்தத் துறைமுகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கழகத்தின் சொந்த மைதானம் கொழும்புக்கு அருகே வெலிசறையில். திருகோணமலையின் பெரிய விளையாட்டரங்கான மெக்கெய்சரில் மக்கள் பார்க்கப் போவது உதைபந்தும் கிரிக்கெட்டும்.

இடையில் நிற்பது கல் சுவர் மட்டுமென்றால் கதவொன்று வைத்துவிடலாம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இந்த நகரின் கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். 2008, 2009இல் இளைஞர்கள் கடத்தப்பட்டது பற்றிய வழக்கில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் பெயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பொழுது சாய்ந்தபின் பிள்ளைகள் வெளியே கூடி நிற்பதற்கே பெற்றோர் பயந்த ஆண்டுகள் அவை. சீருடையோடு சேர்த்தே அறியப்பட்ட ஓர் ஆட்டம் அத்தகைய ஊரின் மனதில் எப்படி இடம் பிடிக்கும்? றக்பி இங்கே வேர்விடாததற்குப் பந்தின் முட்டை வடிவமோ பிள்ளைகளின் உடல்வாகோ காரணமல்ல. அந்தக் கொலைகளின், கடத்தல்களின் கணக்குகள் நீதிமன்றத்தில் தீர வேண்டியவை. எந்த விளையாட்டும் அவற்றுக்கு ஈடாகாது. அதே வேளை, நீதி வரும்வரை பிள்ளைகளுக்கு ஆட்டம் இல்லை என்றும் நாம் சொல்லக் கூடாது.

பிள்ளைகளுக்குப் பந்து வர என்ன வேண்டும்?

முதலில், மோதல் இல்லாத றக்பி. இடுப்பில் கட்டிய நாடாவை இழுத்தால் டெக்கிள் ஆனதாகக் கணக்கிடும் டேக் றக்பிக்குத் தலைக்கவசமும் வேண்டாம், பெரிய மைதானமும் வேண்டாம். கிளித்தட்டு மறித்து வளர்ந்த பிள்ளைக்கு, எதிராளியை ஏய்த்து இடைவெளியில் நுழைவது புதிய வித்தையல்ல. பெண் பிள்ளைகளும் முதல் நாளிலிருந்தே ஆடலாம். பெண்கள் றக்பி எங்கே போய் நிற்கிறது என்பதை 2025 செப்டெம்பர் 27 காட்டியது. இலண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து 33–13 எனக் கனடாவை வென்ற பெண்கள் உலகக் கிண்ண இறுதியை 81,885 பேர் நேரில் பார்த்தார்கள்.

இரண்டாவது, பாடசாலைகளினூடாகவே இது வர வேண்டும், பொறுப்பும் பாடசாலையிடமே இருக்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பங்கிட்டு வாழும் மாவட்டம் இது. 15 பேர் கொண்ட அணியில் பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் உயர்ந்தவருக்கும் குட்டையானவருக்கும் வேலை உண்டு. மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடத் தோதான ஆட்டம் இதைவிட வேறில்லை. கடற்படைக்கு உதவும் எண்ணம் இருந்தால் பயிற்றுநரைப் பாடசாலை மைதானத்துக்கு, சீருடை இல்லாமல், அதிபரின் அழைப்பின்பேரில் அனுப்பலாம். பிள்ளைகளைத் தளத்துக்கு அழைத்துப் படம் பிடிப்பது உதவியாகாது.

மூன்றாவது, மூளைப் பாதுகாப்பு முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். தலையில் அடிபட்ட சந்தேகம் எழுந்தால் அந்தப் பிள்ளை அன்று மீண்டும் ஆடக் கூடாது. சமூக மட்ட வீரர் குறைந்தது 21 நாள் போட்டியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கிறது உலக றக்பியின் வழிகாட்டல். தலைவலி, வாந்தி, மயக்கம், தடுமாற்றம், வழமைக்கு மாறான தூக்கம் ஆகிய அறிகுறிகளைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். சாம் கேனுக்குக் காட்டிய சிவப்பு அட்டையின் உண்மையான பயனாளி இந்தப் பிள்ளைதான். தொலைக்காட்சியில் ஒரு நட்சத்திரம் குனிந்து டெக்கிள் செய்யப் பழகினால், அதைப் பார்த்து ஆடும் ஆயிரம் பிள்ளைகள் குனியப் பழகுவார்கள்.

நான்காவது, தமிழில் விதி, தமிழில் ஊதல். மத்தியஸ்தர் பயிற்சி தமிழிலும் நடந்தால், நான்கு கேள்விகளையும் இரண்டு கட்ட வரம்பையும் விரல் நுனியில் வைத்து வாதாடும் இந்த ஊர் இரசிகர்களில் சிலரே நாளைய மத்தியஸ்தர்கள் ஆகலாம். அறிவு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஓர் ஊதல் கொடுத்தால் போதும்.

■ பெட்டிச் செய்தி: 2027 உலகக் கிண்ணம்

• அவுஸ்திரேலியாவில் 2027 ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை. முதன்முறையாக 24 அணிகள், 52 ஆட்டங்கள்.
• ஆறு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள். அடுத்தது 16 அணிகளின் சுற்று.
• ஆசியாவிலிருந்து ஜப்பான், ஹொங்கொங். ஹொங்கொங்கின் பிரிவில் நியூஸிலாந்து, அவுஸ்திரேலியா, சிலி.
• விழித்திருக்கத் தேவையில்லை. சிட்னியில் இரவு 8 மணி ஆட்டம், இலங்கையில் பிற்பகல் 2.30.

இந்த முறை ஆட்டங்கள் நள்ளிரவில் வரப்போவதில்லை. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும் பார்க்கும் நேரத்தில் வருகின்றன. அதற்குள் மாவட்டத்தின் ஒரு சில பாடசாலைகளிலாவது டேக் றக்பி தொடங்க வேண்டும். பந்துக்கும் நாடாவுக்கும் ஆகும் செலவு ஒரு பழைய மாணவர் சங்கம் தாங்கக்கூடியதே. மாகாணக் கல்வித் திணைக்களமும் றக்பிச் சங்கமும் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பட்டறையோடு இதைத் தொடங்கிவிடலாம். 2027இல் இன்னொரு சிவப்பு அட்டை காட்டப்படும், இன்னொரு ட்ரை இரத்தாகும், திருமலை மீண்டும் இரண்டு கட்சியாகப் பிரியும். அன்றைய வாதத்தில் பார்த்தவர்களோடு ஆடியவர்களும் இருக்க வேண்டும்.